ஊசியைத் திருகுமுன் தாங்கியைப் பாருங்கள்

மாதிரி விமானத்தில் மெதனோல் எரிபொருளில் ஓடும் சின்ன எஞ்சினான குளோ எஞ்சின் வானத்தில் நின்றுவிட்டால், பலரும் முதலில் கைவைப்பது எரிபொருள் அளவைத் திருகிச் சரிசெய்யும் காபரேற்றர் ஊசியில்தான். நானும் ஒரு முறை இரண்டு வாரம் ஊசியோடு மல்லுக்கட்டினேன். கடைசியில் பார்த்தால் எரிபொருள் தாங்கிக்குள் இருந்த ரியூப்பில் குண்டூசி முனையளவு ஓட்டை. ரியூப் மாட்டும் பித்தளைக் குழாயை வெட்டியபின் அதன் விளிம்பை அரத்தாள் போட்டு மழுக்காமல் விட்டிருந்தேன். அந்தக் கூர்தான் ரியூப்பை அறுத்தது. ஓட்டை வழியே காற்றுக் குமிழ் போனால் எந்த ஊசி அமைப்பும் நிலைக்காது. புதுத் தாங்கியைப் பூட்டுமுன் வாளித் தண்ணீரில் அமிழ்த்தி, மற்ற வாய்களை அடைத்து, சிரிஞ்சால் காற்று ஏற்றிப் பாருங்கள். மெதனோல் நஞ்சு, வாயால் ஊதவே வேண்டாம்.

அடுத்தது தாங்கியின் உயரம். சாதாரண குளோ எஞ்சினில் எரிபொருள் பம்ப் கிடையாது, அது தானே உறிஞ்சிக் குடிக்க வேண்டும். ஆகவே தாங்கியின் நடுக்கோடு ஊசியின் மட்டத்தில், அல்லது ஒரு சென்ரிமீற்றர்வரை கீழே இருக்கட்டும். மேலே இருந்தால் நிறைக்கும்போதே எஞ்சினுக்குள் வழியும். மிகவும் கீழே இருந்தாலோ, எஞ்சினை விட்டுத் தள்ளி இருந்தாலோ, மூக்கை நிமிர்த்தி ஏறும்போது எரிபொருள் போதாமல் நின்றுவிடும். பறக்கவிடுமுன் ஒருவர் விமானத்தை இறுக்கிப் பிடித்து, முழு வேகத்தில் மூக்கை மேலே தூக்கிப் பார்க்க வேண்டும். சத்தம் தளர்ந்தால் அன்று ஏற்றாதீர்கள். பட்டத்துக்கு முச்சைக் கயிறு பார்க்காமல் நாம் ஏற்றுகிறோமா?

உறிஞ்சும் ரியூப்பின் நுனியில் உள்ள பித்தளைக் குண்டு, தாங்கியின் பின்சுவரிலிருந்து 5 மில்லிமீற்றராவது விலகி, தாராளமாக ஆட வேண்டும். 90களில் யாழ்ப்பாணத்தின் மீதான பொருளாதாரத் தடைக் காலத்தில் சேலைன் ரியூப்பைப் பொருத்தி மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய ஊர் எங்களுடையது. அந்தக் கைவேலை மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனாலும் சேலைன் ரியூப் இங்கே உதவாது. அது நாளடைவில் விறைத்துப்போகும், குண்டு அசையாது. குளோவுக்கு சிலிக்கோன் ரியூப்தான் சரி. பெற்றோல் எஞ்சின் என்றால் சிலிக்கோன் ஊதித் தளர்ந்துவிடும், ஆகவே ரியூப்பும் அடைப்பானும் பெற்றோலைத் தாங்கும் வகையாக இருக்க வேண்டும். மோதி இறங்கிய பிறகு தாங்கியைக் குலுக்கிக் கேளுங்கள். குண்டு முன்பக்கம் மடிந்து சிக்கியிருந்தால் டொக் டொக் சத்தம் வராது.

சைலன்சரிலிருந்து புகையின் அழுத்தத்தைத் தாங்கிக்குக் கொண்டுவரும் ரியூப், தாங்கியின் மேற்பகுதியைத் தொடும் குழாயில்தான் சேர வேண்டும். மாறிப்போகாமல் இரண்டு நிற ரியூப் போடுங்கள். தாங்கியைச் சுற்றி ஸ்பொஞ்ச் வையுங்கள், இல்லாவிட்டால் அதிர்வில் எரிபொருள் நுரைக்கும்.

கோப்பாய், உரும்பிராய்ப் பக்கத்துச் செம்மண் தூசி எதற்குள்ளும் புகும். நிறைக்கும் ரியூப்பிலேயே வடிகட்டி போட்டுவிடுங்கள். மெதனோல் காற்றின் ஈரத்தை இழுக்கும் என்பதால், கடலோரக் காற்றில் போத்தலைத் திறந்து வைக்காதீர்கள். பறந்து முடிந்ததும் தாங்கியில் மிஞ்சியதை வெளியே எடுத்துவிடுங்கள். அந்த நேரத்தில் பக்கத்தில் யாரும் சிகரெட் பற்றவைக்கக் கூடாது. மெதனோல் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது.