பாலைவன ரிசார்ட்டுக்குப் போகிறீர்களா? சென்னையிலிருந்து பெட்டி கட்டும் முறை

பாலைவனம் என்றதும் நாம் மெல்லிய பருத்தித் துணிகளை மட்டும் அடுக்கிவிடுகிறோம். ஜனவரியில் ராஜஸ்தானின் ஜெய்சல்மேர் பக்கம் போனபோது அப்படித்தான் செய்தோம். முதல் இரவு கூடாரத்துக்கு வெளியே அம்மா ஒரு நூல் சேலையோடு நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது இன்னும் மனதை உறுத்துகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

படி 1: மாதத்தைப் பாருங்கள்

அக்டோபர் முதல் மார்ச் வரைதான் அங்கே சீசன். ஏப்ரலுக்குப் பிறகு வெயில் 40 டிகிரியைத் தாண்டும், தவிர்த்துவிடுங்கள். டிசம்பர், ஜனவரியில் பகல் 25 டிகிரியை ஒட்டி இதமாக இருக்கும், இரவில் 10 டிகிரிக்கும் கீழே இறங்கும். நம் மார்கழி விடியலே 20 டிகிரி பக்கம்தான். நம் ஊர்க் காற்றின் ஈரம் பகல் சூட்டை இரவிலும் பிடித்து வைத்திருக்கும். அங்கே காற்றிலும் ஈரமில்லை, வானத்தில் மேகமும் இல்லை. பொழுது சாய்ந்ததும் மணல் சில்லிட்டுவிடும்.

படி 2: ஒன்றின் மேல் ஒன்றாக உடுத்துங்கள்

ஒரே ஒரு தடிமனான ஸ்வெட்டரை நம்பாதீர்கள். உள்ளே உடம்போடு ஒட்டிய தெர்மல் (குளிருக்கான உள்ளாடை), அதன்மேல் முழுக்கைச் சட்டையோ குர்தாவோ, அதற்கு மேல் ஸ்வெட்டர், காற்றடித்தால் ஒரு ஜாக்கெட். வெயில் ஏற ஏற ஒவ்வொன்றாகக் கழற்றலாம். பெரியவர்களுக்கு மங்கி குல்லாவும் சால்வையும் கட்டாயம். பகலிலும் முழுக்கைதான் நல்லது, வெயில் நேராகத் தோலில் படாது.

அப்புறம், ஆளுக்கு ஒரு பருத்தித் துண்டு. தலையில் கட்டலாம், மணல் காற்றில் மூக்கையும் வாயையும் மூடலாம். தொப்பி பறந்துவிடும், துண்டு பறக்காது.

படி 3: ஒட்டகத்துக்கும் மணலுக்கும்

ஒட்டகத்தின் மேல் காலை அகட்டி உட்கார வேண்டும். சேலையும் வேட்டியும் சரிப்படாது. தளர்வான பேன்ட், சல்வார் போதும். மணல்மேட்டில் நடக்க, பின்பட்டை வைத்த செருப்பு வசதி. இரவுக்கு சாக்ஸும் ஷூவும்.

படி 4: தோலுக்கும் தொண்டைக்கும்

நாம் மறந்துபோவது இதைத்தான். அங்கே வியர்வை உடனே காய்ந்துவிடுவதால் உடம்பில் நீர் குறைவதே தெரியாது. ஆனால் உதடு வெடிக்கும், மூக்கு வறண்டு எரியும். வாசலின், மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன், ஓ.ஆர்.எஸ். பொட்டலம் எடுத்துக்கொள்ளுங்கள். தேங்காய் எண்ணெயை நம்பிப் போகாதீர்கள். 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும். காலையில் பாட்டிலைக் கவிழ்த்தால் ஒரு சொட்டு விழாது.

படி 5: பெட்டியில் அடுக்கும் வரிசை

கேமரா, போன், சார்ஜர் ஆகியவற்றை ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறைகளில் போடுங்கள். பொடி மணல் எங்கே வேண்டுமானாலும் நுழையும். விமானத்தில் போனால் பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும். டார்ச், வழக்கமான மாத்திரைகள், கொஞ்சம் சில்லறைப் பணம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்வெட்டரை மட்டும் பெட்டியின் அடியில் வைக்காதீர்கள். ஒட்டகச் சவாரிக்கு மாலை 4 மணி வெயிலில் கிளம்பும்போது அது தேவையே இல்லை என்று தோன்றும். சூரியன் மறைவதைப் பார்த்துவிட்டு இருட்டில் திரும்பும்போது, அது உங்கள் தோள்பையில் இருக்க வேண்டும்.