டூலினுக்குப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

அயர்லாந்தின் மேற்குக் கரையில், கிளேர் மாவட்டத்தில் இருக்கும் சின்ன ஊர் டூலின். தெற்கே மோஹர் செங்குத்துப் பாறைகள், வடக்கே பரன் என்ற சுண்ணாம்புக்கல் வெளி, எதிரே கடலில் அரான் தீவுகள், ராத்திரியானால் பப்களில் நாட்டார் இசை. இத்தனையும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால், ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்று பலர் கணக்குப் போடுகிறார்கள். மற்ற தவறுகளில் பாதி அந்தக் கணக்கிலிருந்துதான் வருகின்றன.

டப்ளினிலிருந்து காலையில் கிளம்பி இரவில் திரும்பும் சுற்றுலாப் பேருந்துகள் நிறைய உண்டு. போவதற்கே மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். அன்றைக்குப் பார்த்து மூடுபனி இறங்கியிருந்தால், 214 மீட்டர் உயரப் பாறை நிற்க வேண்டிய இடத்தில் வெறும் வெள்ளைதான் தெரியும். காத்திருந்து பார்க்கலாமென்றால் பேருந்து நிற்காது. இசை தொடங்கும் நேரத்தில் நீங்கள் டப்ளின் நெடுஞ்சாலையில் இருப்பீர்கள். குறைந்தது இரண்டு இரவு தங்குங்கள். கார் இல்லாதவர்கள் வடக்கே உள்ள கால்வே நகரத்திலிருந்து 350ஆம் எண் பேருந்தில் வரலாம். கோடையில் அறைகள் சீக்கிரம் நிரம்பிவிடும் என்பதால் முன்பதிவு அவசியம்.

படகு விஷயத்திலும் இதே கதைதான். டூலின் துறையிலிருந்து அரான் தீவுகளில் மிக அருகிலுள்ள இனிஷீருக்குப் படகு போகிறது. ஆனால் இது அட்லாண்டிக். கரையில் வெயில் அடித்தாலும் கடல் கொந்தளிப்பாக இருந்தால் படகு ரத்தாகும். கடைசி நாளில் தீவுப் பயணத்தை வைத்துக்கொண்டு ஏமாறுகிறவர்கள் அதிகம். முதல் நாளே வைத்துக்கொள்ளுங்கள், தவறினால் மறுநாள் இருக்கும். குளிர்காலத்தில் இங்கிருந்து வழக்கமாகப் படகு கிடையாது, கால்வே மாவட்டத்து ரோசவீல் துறைக்குத்தான் போக வேண்டும்.

அடுத்தது பாறை விளிம்பு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே செய்யும் தவறுக்கு மறுவாய்ப்பு கிடையாது. மோஹர் பாறைகள் சுமார் 32 கோடி ஆண்டுகளுக்கு முன் மணலும் களிமண்ணும் அடுக்கடுக்காகப் படிந்து இறுகியவை. மணற்கல் அடுக்கு கெட்டியானது. அதற்கு நடுவே இருக்கும் களிமண் பாறை சீக்கிரம் உதிர்ந்துவிடும். கீழே அலை அரிக்க அரிக்க, மேலடுக்கு மட்டும் கூரைச் சரிவுபோல வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். அதன்மேல் பச்சைப் புல் வளர்ந்திருக்கும். மேலே நிற்பவருக்குத் தன் காலுக்கு அடியில் பாறை இருக்கிறதா, காற்று இருக்கிறதா என்று தெரியவே தெரியாது. இதோடு, மழை பெய்த புல் வழுக்கும், மேற்கிலிருந்து அடிக்கும் காற்று ஆளையே தள்ளும்.

பார்வையாளர் மையத்துக்கு அருகில் விளிம்போரமாக நட்டிருக்கும் பலகைக் கற்கள் வெறும் அலங்காரம் இல்லை. படம் எடுப்பதற்காக அவற்றைத் தாண்டிப் போகாதீர்கள். டூலினிலிருந்து பாறைகளுக்கு நடந்து செல்லும் கரையோரப் பாதையில் உயிரிழப்புகள் நேர்ந்திருக்கின்றன, 2024இல் அதன் பகுதிகளை மூடினார்கள். எந்தப் பகுதி திறந்திருக்கிறது என்று தங்குமிடத்தில் அன்று காலையே விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். ‘பாதை மூடப்பட்டுள்ளது’ என்ற பலகைக்கு அப்பால் யாரோ நடந்த தடம் தெரியும். அதை நம்பாதீர்கள். பாதை போவது பெரும்பாலும் விவசாயிகளின் சொந்த நிலத்தில், அவர்கள் அனுமதித்ததால்தான் நாம் நடக்கிறோம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

யாராவது விழுந்தால் தேடி இறங்குபவர்கள் டூலின் கடலோர மீட்புக் குழுவின் தன்னார்வலர்கள், அதே ஊர்க்காரர்கள். 2016இல் இதே கிளேர் மாவட்டத்துக் கடலோர ஊரான கில்கீ அருகே காணாமல் போன ஒருவரைத் தேடப் போனபோது அந்தக் குழுவைச் சேர்ந்த ஒரு பெண் உயிரிழந்தார். ஒரு செல்ஃபிக்காக இவர்களை அந்தக் கடலில் இறங்க வைப்பது எந்த விதத்திலும் நியாயமில்லை. ஆபத்தென்றால் 112 அல்லது 999ஐ அழைத்து, கடலோரக் காவல் வேண்டும் என்று சொல்லுங்கள்.

பரன் வெளியில் கற்களை எடுத்து அடுக்கிக் கோபுரம் கட்டுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அந்தக் கல் இடுக்குகளில்தான் அபூர்வமான செடிகள் வேர் பிடித்திருக்கின்றன. வசந்தத்தில் பூக்கும் கருநீல ஜென்ஷியன் விரல் நுனி அளவுதான் இருக்கும், குனிந்து பார்த்தால்தான் தெரியும்.

கார் எடுப்பவர்களுக்கு ஒரு வசதி, நம்மைப் போலவே இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும். அதனாலேயே சுலபம் என்று நினைத்துவிடாதீர்கள். சாலைகள் ஒடுக்கமானவை, இருபுறமும் கல் சுவர், எதிரே டிராக்டர் வந்தால் யாராவது ஒருவர் பின்வாங்கத்தான் வேண்டும். 2025 பிப்ரவரியிலிருந்து உள்ளூர்க் கிராமச் சாலைகளின் பொதுவான வேக வரம்பு மணிக்கு 80இலிருந்து 60 கிலோமீட்டராகக் குறைந்திருக்கிறது. காட்சி அழகாக இருக்கிறதென்று வளைவில் வண்டியை நிறுத்தாதீர்கள். குடையை வீட்டிலேயே வைத்துவிட்டு, தலைமூடியுள்ள மழைச் சட்டையும் நல்ல பிடிப்புள்ள காலணியும் கொண்டு வாருங்கள்.

விசாவும் முக்கியம். ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போகக்கூடிய ஷெங்கன் பகுதியில் அயர்லாந்து இல்லை, ஷெங்கன் விசாவோடு நுழைய முடியாது. பிரிட்டன் விசா வைத்திருக்கும் இந்தியர்கள், அதை வைத்தே அயர்லாந்துக்கும் வர அனுமதிக்கும் பிரிட்டிஷ்-ஐரிஷ் விசாத் திட்டத்தில் அது அடங்குகிறதா என்று பார்த்துவிட்டே டிக்கெட் போடுங்கள்.

கடைசியாக, இசை. டின் விசில் என்ற சின்ன உலோகக் குழலை வாசித்த கலைஞர் மிக்கோ ரஸ்ஸலும் அவருடைய சகோதரர்களும் பிறந்து வாசித்த ஊர் இது. இங்கே ‘செஷன்’ என்பது மேடைக் கச்சேரி இல்லை. ஃபிடில் (வயலின்), குழல், கான்செர்ட்டினா என்ற சின்னத் துருத்தி வாத்தியம் ஆகியவற்றோடு சிலர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பெரும்பாலும் ஒருவருக்கொருவர் வாசித்துக்கொள்வார்கள். அந்த மேசையில் காலியாகத் தெரியும் நாற்காலி பெரும்பாலும் இன்னும் வராத ஒரு கலைஞருக்கானது, அதில் உட்காராதீர்கள். முகத்துக்கு நேரே கைபேசியை நீட்டாதீர்கள். தாளம் தெரியாமல் கைதட்டினால் வாசிப்பவர்களுக்கு இடைஞ்சல். யாராவது தனியாகப் பாட ஆரம்பித்தால் பேச்சை நிறுத்திவிடுங்கள்.

மது குடிக்காதவர்களும் தயங்காமல் உள்ளே போகலாம், டீயோ சோடாவோ வாங்கிக்கொண்டு உட்காரலாம். பரிமாற ஆள் வரும் என்று காத்திருக்காமல் கவுன்டரில் போய்க் கேளுங்கள். சைவம் சாப்பிடுபவர்கள், சூப் இறைச்சிச் சாற்றில் செய்ததா என்று கேட்டுக்கொள்வது நல்லது. குழந்தைகளோடு வருகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: சட்டப்படி பொதுவாக இரவு 9 மணிக்குமேல் பிள்ளைகள் பப்பில் இருக்கக் கூடாது, மே முதல் செப்டம்பர் வரை 10 மணி. செஷன் பெரும்பாலும் அந்த நேரத்தை ஒட்டித்தான் சூடு பிடிக்கும். அதனால் சீக்கிரம் தொடங்கும் இடம் எது என்று மாலையிலேயே கேட்டுவிட்டு அங்கே போய்விடுங்கள்.