பட்டறை பில்லும் க்ளெய்ம் பணமும்: முதல்முறை போடுகிறவர்களுக்கு

“இன்ஷூரன்ஸ்தான் இருக்கே, நான் ஏன் கைக்காசு போடணும்?” கார் அடிபட்டு முதல்முறை இன்ஷூரன்ஸ் க்ளெய்ம் போடுகிறவர்கள் எல்லோரும் கேட்பது இது. பட்டறைக்காரர் “அதையும் பில்லுல ஏத்திடலாம் சார்” என்று ஆரம்பிப்பதும் இந்த இடத்தில்தான். வேண்டாம். கணக்கு தெரிந்தால் அதற்குத் தேவையே இருக்காது.

1. நம்பர் பிளேட்டும் அடிபட்ட இடமும் ஒரே படத்தில் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்துவிட்டு, உடனே கம்பெனிக்குத் தகவல் சொல்லுங்கள். சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் பார்க்கும்வரை எதையும் கழற்ற விடாதீர்கள்.

2. போன வருஷம் கேட்டில் உரசிய பின்கதவை இப்போதைய முன்பக்க இடியோடு சேர்க்காதீர்கள். கீறலுக்குள் துரு ஏறியிருக்கும், சர்வேயருக்கு அது போதும். பழசை நீங்களே காட்டிவிடுங்கள்.

3. இனி பில். மூன்றரை வருஷ வண்டி, 1500 சிசிக்குள், ஸீரோ டெப் (தேய்மானம் கழிக்காமல் தரும் கூடுதல் கவர்) எடுக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். பம்பர் 8,000 ரூபாய். பிளாஸ்டிக் என்பதால் தேய்மானமாகப் பாதி, அதாவது 4,000 போய்விடும். ஃபெண்டர் 6,000, இரும்புக்கு இந்த வயதில் 25 சதவீதம், 1,500 கழியும். பெயிண்டிங் 8,000 என்றால் அதில் கால்பங்கை மட்டும் பெயிண்ட் விலையாக எடுத்து அதில் பாதி, 1,000. கடைசியாகக் கட்டாயக் கழிவு, அதாவது ஒவ்வொரு க்ளெய்மிலும் நீங்களே ஏற்க வேண்டிய தொகை, 1,000. ஜிஎஸ்டியை விட்டுவிட்டால் மொத்தம் 22,000, கம்பெனி தருவது 14,500, மீதி 7,500 உங்களுடையது. கண்ணாடி உடைந்திருந்தால் அதற்குத் தேய்மானமே கிடையாது, இது பலருக்குத் தெரிவதில்லை.

4. பட்டறை பில்லை முதலில் நீங்கள் கட்டிவிட்டுப் பிறகு கம்பெனியிடம் வாங்குவதாக இருந்தால், கழற்றிய பழைய பம்பரைக் காட்டச் சொல்லுங்கள். டிங்கரிங் பண்ணிவிட்டுப் புதுசு மாற்றியதாக பில் போட்டால் கையெழுத்துப் போட்டு மாட்டுவது நீங்கள்தான்.

5. இடித்தவர் அங்கேயே 5,000 கொடுத்தாரா? அதை மறைத்து முழுத்தொகையும் கேட்பது ஒரே சேதத்துக்கு இரண்டு வசூல். க்ளெய்ம் ஃபாரத்திலேயே எழுதிவிடுங்கள்.

6. பணம் குறைவாக வந்தால் சர்வே ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கி, மேலே போட்ட கணக்கோடு ஒப்பிடுங்கள். கம்பெனியில் பதில் சரியில்லையென்றால் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் பீமா பரோசா தளத்தில் புகார் செய்யலாம், அதற்கு மேல் புகாரை விசாரித்துத் தீர்ப்பு சொல்லும் இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் இருக்கிறார், கட்டணம் இல்லை.

அப்புறம் அடுத்த வருஷம் வேறு கம்பெனிக்கு மாறும்போது “போன வருடம் க்ளெய்ம் உண்டா?” என்று கேட்பார்கள். “ஆம்” என்றே அழுத்துங்கள். என்சிபி, அதாவது க்ளெய்ம் போடாத வருஷங்களுக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி, போகும்தான், வயிறு எரியும். ஆனால் அங்கே பொய் சொல்லியிருந்தால் அடுத்த க்ளெய்ம் போடும்போதுதான் தோண்டி எடுப்பார்கள்.