ஜப்பான்காரங்க இங்கிலீஷ்: எல்-ஆர் தாண்டி கவனிக்க வேண்டிய தவறுகள்

ஜப்பான்காரங்க இங்கிலீஷ்னாலே எல்லாரும் எல்-ஆர் குழப்பத்தைத்தான் சொல்வாங்க. உண்மைதான், அவங்க மொழில ரெண்டுக்கும் சேத்து ஒரே ஒரு சத்தம்தான் இருக்கு, ர ல ள ழ ற-ன்னு வச்சிருக்கிற நமக்கு அது ஆச்சரியமா இருக்கும். ஆனா மாசக்கணக்கா அதையே பிராக்டிஸ் பண்றது வேண்டாம்னுதான் சொல்வேன், ரைஸ் லைஸாயிட்டா கூட பேச்சோட போக்க வச்சு எதிர்ல இருக்கவங்க புரிஞ்சுக்குவாங்க.

நிஜமாவே புரியாமப் போறது மெய்யெழுத்துக்கு நடுவுல உயிரச் சேக்கறதாலதான். ஜப்பானிய மொழில 'ன்' மாதிரி ஒரு மூக்கொலியத் தவிர வேற மெய்ல சொல் முடியாது, அந்த மூக்கொலிய விட்டா வேற வேற ரெண்டு மெய் ஒட்டியும் வராது, அதனால ஸ்ட்ரைக்னு ஒரே மூச்சுல சொல்ல வேண்டியது சு-தொ-ரா-இ-குன்னு அஞ்சு துண்டாயிடும், மெக்டொனால்ட்ஸ் மக்குதொனருதொ ஆயிடும். நாமளும் பஸ்ஸு காருன்னு கடைசில உகரம் போடுறோம்தான், ஆனா அவங்களுக்கு நடுவுலயும் நுழையுது, எல்லாத் துண்டும் ஒரே நீளத்துல வர்றதால எங்க அழுத்தணும்ங்கறதே காணாமப் போயிடுது. இத இன்னும் மோசமாக்கறது இங்கிலீஷ் சொல்லுக்கு மேல கதகானாங்கற ஜப்பானிய எழுத்துல உச்சரிப்பு எழுதி வச்சுப் படிக்கிற பழக்கம். அத முதல்ல நிறுத்தணும், காதால கேட்டு அப்படியே திருப்பிச் சொல்லணும்.

அடுத்தது இங்கிலீஷ் மாதிரியே இருக்கிற ஜப்பானியச் சொற்கள். மன்ஷொன்னா அங்க சாதாரண அபார்ட்மெண்ட் வீடு, கொன்சென்தோன்னா பிளக் பாயிண்ட், பைகிங்குன்னா, அதாவது வைக்கிங்னா, பஃபே (1958ல டோக்கியோ இம்பீரியல் ஹோட்டல் வச்ச பேரு அது). வெளிநாட்டு ஹோட்டல்ல போய் வைக்கிங் எத்தன மணிக்குன்னு கேட்டா ரிசப்ஷன்ல இருக்கவங்க என்ன பண்ணுவாங்க பாவம்.

'ஹேட் பெட்டர்' இன்னும் மோசம். ரெஸ்ட் எடுத்தா நல்லதுன்னு அன்பா சொல்றதா நினைச்சு "யூ ஹேட் பெட்டர் ரெஸ்ட்"ம்பாங்க, கேக்கறவங்களுக்கு எடுக்கலேன்னா நடக்கறதே வேறங்கற மாதிரி விழும். ஷுட், இல்லேன்னா மேபி யூ ஷுட், அது போதும்.

டோயிக்ங்கற இங்கிலீஷ் பரீட்சை ஸ்கோர நம்பி உக்காந்திருக்கறதும் தப்பு. 1979ல ஆரம்பிச்ச அந்த பரீட்சைல 990 மார்க்கும் கேக்கறதுக்கும் படிக்கறதுக்கும்தான், பேசறதுக்கு தனி டெஸ்ட், அத எழுதறவங்க கம்மி. 900 வாங்கிட்டு மீட்டிங்ல வாயே திறக்காத ஆளுங்க உண்டு, திறமை இல்லாம இல்ல, வாக்கியம் முழுசா தப்பில்லாம மனசுல ரெடியாகட்டும்னு காத்திருக்கறதுக்குள்ள பேச்சு வேற விஷயத்துக்குப் போயிடுது. ஆர்ட்டிகிள் விட்டுப்போச்சுன்னாலும் பரவால்ல, பேசிடணும்.

வேலைல ரொம்ப சிக்கல் பண்றது யெஸ்-நோ. "டிடின்ட் யூ சென்ட் த ஃபைல்?"னு கேட்டா "யெஸ்"ம்பாங்க, ஆமா அனுப்பலங்கற அர்த்தத்துல. நம்ம தமிழ்லயும் "அனுப்பலையா?" "ஆமா, அனுப்பல"தானே, அதே கணக்குதான், இங்கிலீஷ்காரங்க அத அனுப்பியாச்சுன்னு எடுத்துக்குவாங்க. இது போதாதுன்னு நாம பேசப் பேச "யெஸ் யெஸ்"னும் சொல்லிட்டே இருப்பாங்க, அவங்க மொழில ஆமாங்கறதுக்குச் சொல்ற 'ஹாய்'யோட பழக்கம் அது, கேட்டுட்டிருக்கேன்னு மட்டும்தான் அர்த்தம், சம்மதம் இல்ல. பதில் சொல்றவங்க யெஸ்-நோவ விட்டுட்டு "ஐ டிடின்ட் சென்ட் இட்"னு முழுசா சொல்லணும், கேக்கறவங்களும் இல்லையான்னு கேக்காம "டிட் யூ சென்ட் இட்?"னே கேட்டுடுங்க.