போறணையில் மொறுமொறுப்பான மரக்கறிச் சீவல்: திருகோணமலைக் காற்றுக்கு ஏற்ற செய்முறை

பின்னேரத் தேநீரோடு கடிக்க மரவள்ளிச் சீவலோ வாழைக்காய்ச் சீவலோ இருந்தால் திருகோணமலையில் எந்த வீட்டிலும் பேச்சு நீளும். அவற்றை எண்ணெய்ச் சட்டியில் பொரிக்காமல் வீட்டுப் போறணையில் செய்ய விரும்புவோர் இப்போது கூடி வருகின்றனர். 2022ஆம் ஆண்டில் எரிவாயுவும் தேங்காய் எண்ணெயும் கைக்கு எட்டாமல் போனபோது மின்போறணையின் பக்கம் திரும்பியவர்களும் உண்டு. கொழுப்பைக் குறைக்குமாறு மருத்துவர் சொன்னதனால் திரும்பியவர்களும் உண்டு. ஆனால் முதல் தடவை செய்து பார்த்தவர்களுள் பலர், ஓரம் கருகி நடுப்பகுதி தோல்போல இழுபடும் சீவல்களைக் கண்டு மனம் சலித்து விடுகின்றனர். சூடு போதவில்லை என்று கருதி அடுத்த தடவை வெப்பநிலையைக் கூட்டுகின்றனர். சீவல் இன்னும் விரைவாகக் கருகுகிறது. போறணையில் மொறுமொறுப்பைத் தருவது உலர்த்தல்தான் என்பதை மனத்தில் இருத்திக்கொண்டால், இக்குறிப்பில் வரும் மற்ற எல்லாம் தாமாகவே விளங்கும்.

பொரிக்கும்போது 170 முதல் 180 பாகை செல்சியஸ் சூட்டில் உள்ள எண்ணெய் ஒவ்வொரு சீவலையும் எல்லாப் பக்கமும் தழுவிக்கொள்வதால், உள்ளே இருக்கும் நீர் சில நிமிடங்களில் குமிழியிட்டு வெளியேறிவிடும். போறணையில் இருப்பது காற்று. அதே சூட்டில் இருந்தாலும் காற்று எண்ணெயைவிட மிக மெதுவாகவே வெப்பத்தைக் கொடுக்கும். கரட்டில் ஏறத்தாழ 88 வீதமும், உருளைக்கிழங்கில் ஏறத்தாழ 80 வீதமும், பாவற்காயில் 90 வீதத்துக்கு மேலும் நீர் உண்டு. ஒரு கிலோ கரட்டைச் சீவி நன்றாக உலர்த்தினால் இறுதியில் 150 கிராமுக்கும் குறைவாகவே மிஞ்சும் என்பதை எண்ணிப் பார்த்தால், அத்தனை நீரும் அந்தச் சிறிய பெட்டிக்குள்ளிருந்து ஆவியாகி வெளியேற நேரமும் வழியும் வேண்டும் என்பது புரியும். நீர் போய் முடியும் முன்னரே ஓரம் சிவந்துவிட்டால் அந்தச் சீவலைத் திருத்த இயலாது.

மரக்கறியைத் தெரிவு செய்வதில் நம் ஊருக்குச் சில வசதிகள் உள்ளன. மரவள்ளி, வத்தாளங்கிழங்கு, வெண்டிக்காய், பாவற்காய், வாழைக்காய் ஆகியவை அண்மையிலுள்ள தோட்டங்களிலிருந்தே சந்தைக்கு வருவதால் புதிதாகக் கிடைக்கும். கரட், பீற்றூட், உருளைக்கிழங்கு போன்றவை பெரும்பாலும் வெளியிலிருந்து வந்து சேர்பவை. வாங்கும்போது நுனி வாடியவற்றைத் தவிர்த்து, அழுத்தினால் வளையாதவற்றை எடுக்க வேண்டும். வாடிய கிழங்கைச் சீராகச் சீவ முடியாது. கத்திக்கு அடியில் அது நழுவும். தக்காளி, பீர்க்கு, புடலங்காய் ஆகியவற்றில் நீர் அளவுக்கு மீறி இருப்பதால் அவற்றைச் சீவலுக்கு எடுக்காதிருப்பதே நல்லது.

சீவுவதில் ஒரே தடிப்பு இருப்பது எல்லாவற்றிலும் முதன்மையானது. ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீற்றர் தடிப்பு நல்ல அளவு. கையால் கத்தி பிடித்து இதை எல்லாத் துண்டிலும் காப்பது கடினம் என்பதால், தடிப்பை மாற்றக்கூடிய சீவல் பலகை ஒன்றை வாங்கிக்கொள்வது போறணைக்குச் செலவிட்ட பணத்தைப் பயனாக்கும். அதன் அலகு மிகக் கூர்மையானது. கூடவே வரும் கைப்பிடியை மாட்டாமல் பயன்படுத்தலாகாது. மெல்லியதும் தடித்ததும் ஒரே தட்டில் கலந்தால் மெல்லியது கருகிக்கொண்டிருக்கும்போது தடித்தது இன்னும் அவிந்துகொண்டிருக்கும்.

மாச்சத்து மிகுந்த உருளைக்கிழங்கையும் வத்தாளங்கிழங்கையும் சீவிய உடனே குளிர்ந்த நீரில் அரை மணி நேரம் ஊறவிட்டு, நீர் தெளியும்வரை இரண்டொரு தடவை மாற்றிக் கழுவ வேண்டும். மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் மாவும் சிறிது சர்க்கரையும் அதனால் நீங்குவதால் சீவல்கள் ஒன்றோடொன்று ஒட்டமாட்டா, விரைவில் கருகவும் மாட்டா. இதன் பின்னர்தான் பலர் அவசரப்படும் கட்டம் வருகிறது. கழுவிய சீவல்களைச் சுத்தமான பருத்தித் துணியின்மீது ஒற்றை அடுக்காகப் பரப்பி, மேலே இன்னொரு துணியை விரித்து உள்ளங்கையால் அழுத்தி ஒற்ற வேண்டும். பீற்றூட்டை இப்படி ஒற்றும்போது துணியில் ஒவ்வொரு துண்டும் தன் வட்டத்தைச் செந்நிறத்தில் பதித்துவிடும். சாயம் எளிதில் போகாது, ஆகவே பழைய துணியையே எடுக்கவும். முதல் ஒற்றலில் வட்டம் நனைந்து பரவும். இரண்டாவது துணியில் விளிம்பு தெளிவான மெல்லிய வட்டமாக விழுமாயின், அது தட்டுக்கு ஏறத் தயாராகிவிட்டது.

உப்பை எப்போது இடுவது என்பதில் ஒரு விதி உண்டு. உப்பு நீரை இழுக்கும். எனவே பீற்றூட்டிலும் பாவற்காயிலும் முன்னரே உப்பிட்டு, 15 முதல் 20 நிமிடம் வைத்து, ஊறிய நீரைப் பிழிந்து ஒற்றி எடுப்பது நன்மை தரும். மற்றவற்றுக்குத் தட்டில் இடும் முன் உப்பைத் தூவினால், போறணைக்குள் அது நீரை மேலே கொண்டுவந்து சீவலை வேகவைத்துவிடும். அவற்றுக்குச் சூட்டோடு வெளியே எடுத்த பின்னரே நன்கு பொடித்த உப்பைத் தூவ வேண்டும்.

எண்ணெய் மிகக் குறைவாகவே தேவைப்படும். அரைக் கிலோ சீவலுக்கு ஒரு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெய் போதும். அதைத் தட்டில் ஊற்றாமல், அகன்ற பாத்திரத்தில் சீவல்களோடு சேர்த்துக் கையால் பிசறி, ஒவ்வொன்றின் இரு பக்கமும் பளபளப்பு மட்டும் தெரியும்படி செய்ய வேண்டும். எண்ணெயை முற்றாகத் தவிர்த்தாலும் சீவல் உலரும், ஆனால் கடிக்கும்போது காகிதம்போல இருக்கும் என்பதால் நான் அதைப் பரிந்துரைக்கமாட்டேன். மிளகாய்த்தூள், மிளகு, வறுத்துப் பொடித்த நற்சீரகம் ஆகியவற்றைக் கடைசிப் பத்து நிமிடங்களில் சேர்ப்பதே நல்லது. தொடக்கத்திலேயே இட்டால் மிளகாய்த்தூள் கருகிக் கசக்கும், வீடு முழுவதும் இருமலும் கிளம்பும்.

போறணையை 15 நிமிடம் முன்னரே சூடாக்க வேண்டும். வீடுகளில் இருப்பவற்றுள் பெரும்பாலானவை மேசைமேல் வைக்கும் சிறிய போறணைகள்; அவற்றின் பின்மூலையோ மேற்பக்கமோ மற்ற இடங்களைவிடக் கூடுதலாகச் சுடும். திருகியின் எண்ணும் உள்ளே இருக்கும் உண்மையான சூடும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. உள்ளே வைக்கும் சிறிய வெப்பமானி ஒன்று பெரிய விலை இல்லை. அதை வாங்கியவர்களுக்குப் பாதித் தொல்லை குறையும். தட்டில் பேக்கிங் தாளை விரித்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறாதபடி சீவல்களைப் பரப்புக. கம்பி வலைத் தட்டு இருந்தால் அடியிலும் காற்றுப் புகும் என்பதால் அது இன்னும் சிறந்தது. காற்றாடி உள்ள போறணையானால் கீழே கூறும் வெப்பநிலையில் 15 அல்லது 20 பாகையைக் குறைத்துக்கொள்ள வேண்டும். பாதி நேரம் கடந்ததும் தட்டை முன்பின்னாகத் திருப்பி, சீவல்களையும் புரட்டிவிட்டு, கதவைச் சில விநாடிகள் திறந்துவைத்தால் உள்ளே தேங்கிய நீராவி முகத்தில் அடித்துக்கொண்டு வெளியேறும். அந்த ஆவி வெளியேறாவிட்டால் சீவல் தன் நீரிலேயே அவிந்துவிடும்.

உருளைக்கிழங்குக்கு 170 பாகையில் 20 முதல் 25 நிமிடம் ஆகும். சர்க்கரை மிகுந்த கரட், பீற்றூட், வத்தாளங்கிழங்கு ஆகியவற்றை 140 பாகைக்கு மேல் கொண்டுபோகாமல் 40 நிமிடமோ அதற்குச் சற்று மேலோ பொறுமையாக வைக்க வேண்டும். வாழைக்காயைத் தோல் சீவி, மஞ்சளும் உப்பும் கரைத்த நீருக்குள் நேரடியாகவே சீவி விழுத்தினால் கறுக்காது. ஒற்றி எடுத்து 175 பாகையில் 20 நிமிடம் போதும். வெண்டிக்காயைக் கழுவி முற்றாக உலர்ந்த பின்னரே நெடுக்காகப் பிளக்க வேண்டும். ஈரம் பட்டால் கொழகொழப்பு கூடும். வெட்டிய பக்கம் மேல்நோக்கி இருக்க 180 பாகையில் 25 முதல் 30 நிமிடத்தில் விதைகள்கூட நொறுநொறுவென்று வரும்.

பாவற்காய்க்குச் சற்று மெனக்கெட வேண்டும், அதற்கு அது தகுதியானதுதான். மெல்லிய வளையங்களாக வெட்டி, உப்பும் மஞ்சளும் பிசறி, 20 நிமிடத்தின் பின் நன்றாகப் பிழிந்தெடுத்தால் கசப்பின் கூர்மை தணியும். அதில் ஒரு மேசைக்கரண்டி வறுக்காத அரிசிமாவைத் தூவி, ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெயில் புரட்டி, 160 பாகையில் 30 நிமிடம் வைக்க வேண்டும். எஞ்சிய ஈரத்தை அரிசிமா உறிஞ்சிக்கொண்டு மெல்லிய ஓடாக இறுகிவிடும். இறக்குவதற்கு ஐந்து நிமிடத்துக்கு முன் ஒரு கைப்பிடி கறிவேப்பிலையை எண்ணெய் தடவி அதே தட்டில் எறிந்தால், இலைகளும் சேர்ந்து பொடிபடும். சோற்றுக்கும் பருப்புக்கும் பக்கத்தில் வைப்பதற்கு எனக்குத் தெரிந்த சீவல்களுள் இதுவே முதலாவது.

மரவள்ளியைப் பற்றித் தனியே எச்சரிக்க வேண்டியுள்ளது. சயனைட்டை வெளியிடக்கூடிய இயற்கைச் சேர்மங்கள் அக்கிழங்கில் உள்ளன; அவை தோலிலும் தோலுக்கு அடியிலுள்ள தடித்த பட்டையிலும் கூடுதலாக இருக்கும். பச்சைக் கிழங்கை அப்படியே சீவிப் போறணையில் வைப்பதை நான் பரிந்துரைக்கவில்லை. மண்ணிறத் தோலையும் அதன் கீழுள்ள வெண்மையோ இளஞ்சிவப்போ ஆன பட்டையையும் முழுமையாக உரித்து, விரல் தடிப்பில் குச்சிகளாக வெட்டி, நடு நாரை அகற்றி, நிறைய நீரில் மூடாமல் நன்கு மென்மையாகும்வரை அவித்து, அந்த நீரைக் கொட்டிவிட வேண்டும். பின்னர் வடிதட்டில் ஆவி அடங்கும்வரை உலரவிட்டு, ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் லேசாகக் குலுக்க வேண்டும். அவித்த குச்சிகளின் விளிம்பு குலுக்கலில் சற்றுப் பொடிந்து மாவாகும். 200 பாகையில் 35 நிமிடம் வைக்கும்போது முறுகுவது அந்த மாவுதான். வெளியே முறுகலும் உள்ளே பஞ்சுமாக வரும் இது சீவலைவிட வயிற்றையும் நிறைக்கும். கசக்கும் கிழங்கையும், வெட்டும்போது கருநீலக் கோடுகள் தெரியும் பழைய கிழங்கையும் எறிந்துவிட வேண்டும். மரவள்ளி சாப்பிடும்போது இஞ்சி சேர்க்காதே என்று நம் பெரியவர்கள் சொல்வது வழக்கமாதலால், அன்று பின்னேரம் இஞ்சித் தேநீருக்குப் பதிலாக வெறும் தேநீரை ஊற்றுவதே வீட்டில் அமைதி தரும்.

எப்போது இறக்குவது என்பதைக் கடிகாரத்தைவிடச் சீவலே நன்றாகச் சொல்லும். ஓரம் சுருண்டு, நடுவில் ஈரப் பளபளப்பு மறைந்து, தட்டை அசைத்தால் சலசலவென்ற ஒலி எழ வேண்டும். போறணைக்குள் இருக்கும்போது அது சற்று வளையும். ஒன்றை எடுத்துக் குளிர்ந்த கோப்பையின்மீது ஒரு நிமிடம் வைத்து, ஆறியதும் ஒடித்துப் பார்க்க வேண்டும். படக்கென்று முறிந்தால் எல்லாவற்றையும் இறக்கலாம். வளைந்தால் சூட்டை 110 பாகைக்குக் குறைத்து, கதவிடுக்கில் மரக்கரண்டி ஒன்றைச் செருகிச் சிறிது திறந்தபடி மேலும் பத்து நிமிடம் உலரவிட வேண்டும். நிறம் மட்டும் பொன்னிறத்தைத் தாண்டக் கூடாது. மாச்சத்துள்ள உணவுகளை 120 பாகைக்கு மேல் சூடாக்கிச் சிவக்கவிடும்போது அக்ரிலமைட் என்னும் விரும்பத்தகாத பொருள் உருவாகிறது என்பதைச் சுவீடன் ஆய்வாளர்கள் 2002இல் வெளிப்படுத்தினர். கறுத்துப்போனவற்றில் அது கூடுதலாக இருக்கும். எண்ணெய் குறைந்துவிட்டது என்பதற்காகக் கிழங்கின் மாச்சத்துக் குறைந்துவிடாது என்பதையும் நீரிழிவு உள்ளவர்கள் கருத்தில் கொள்ள வேண்டும். அவர்களுக்கு வெண்டியும் பாவற்காயும் நல்ல தெரிவு.

இனிச் சேமிப்பு. கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் நம் ஊர்க் காற்று வறண்டிருப்பதால், ஆறவைத்த சீவல் தட்டிலேயே ஒரு மணி நேரம் கிடந்தாலும் பெரிதாகக் கெடாது. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை மாரி மழை பெய்யும்போது நிலைமை வேறு. உப்புவெளி, நிலாவெளிபோன்ற கரையோர வீடுகளில் உப்புப் போத்தலே கசியும் அந்நாட்களில், உலர்ந்த சீவல் காற்றிலுள்ள ஈரத்தை விரைந்து உறிஞ்சி, சிறிது நேரத்தில் துவண்டுவிடும். ஆகவே மாரி காலத்தில் அன்றன்றைக்குத் தேவையான அளவே செய்வது நல்லது. மிஞ்சினால், கம்பித் தட்டில் முற்றாக ஆறிய உடனே, இறுக்கமான மூடியுள்ள கண்ணாடிப் போத்தலிலோ பிஸ்கட் ரின்னிலோ இட்டு, அதற்குள் ஒரு பிடி வறுத்த அரிசியை மெல்லிய துணியில் முடிந்து வைக்கலாம். சூட்டோடு மூடினால் உள்ளேயே வியர்த்துவிடும். குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டாம். வெளியே எடுத்தவுடன் அதன்மேல் ஈரம் படியும். துவண்ட சீவல்களை எறிய வேண்டியதும் இல்லை: 120 பாகையில் ஐந்து நிமிடம் மீண்டும் வைத்து, வெளியே எடுத்து ஆறவிட்டால் முறுகல் திரும்பும். ஆனால் இதை ஒரு தடவை மட்டுமே செய்யலாம், இரண்டாம் தடவையில் நிறம் கறுக்கத் தொடங்கிவிடும்.