டெலஸ்கோப் இல்லாமல் ஓரியன் நெபுலாவைப் படம் எடுப்பது எப்படி?

வானத்தைப் படம் எடுக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்த டெலஸ்கோப் வாங்கலாம்?" என்பதுதான். இப்போதைக்கு எதுவுமே வேண்டாம். லென்ஸ் கழற்றி மாட்டும் கேமரா, ஒரு 50 மிமீ லென்ஸ், ஆடாத ட்ரைபாட், இந்த மூன்றும் போதும். சுமார் 1,300 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிற ஓரியன் நெபுலா என்ற வாயு, தூசு மேகத்தை இவற்றைக் கொண்டே எடுத்துவிடலாம்.

எதற்கு இந்த நெபுலா? வெளிச்சமானது, பெரியது. வானத்தில் அதன் அகலம் முழுநிலவைப் போல இரண்டு மடங்கு. இருட்டான இடத்தில் வெறும் கண்ணுக்கே தெரியும்.

1. நாளும் இடமும்

டிசம்பரிலிருந்து மார்ச் வரை, அமாவாசையை ஒட்டிய இரவுகள். தெருவிளக்கு நேராகப் படாத இடம். வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்களைத் தேடுங்கள். அதுதான் ஓரியன் (வேடன்) நட்சத்திரக் கூட்டத்தின் இடுப்புப் பட்டை. அதற்கு ஒரு பக்கம் சிவப்பாகத் தெரிவது திருவாதிரை. எதிர்ப்பக்கத்தில், பட்டையிலிருந்து தொங்கும் வாள்போல மங்கலான சின்னப் புள்ளிகள் சில இருக்கும். நடுப்புள்ளி மட்டும் விரலால் தேய்த்துவிட்டது மாதிரி கலங்கித் தெரியும். நாம் எடுக்கப்போவது அதைத்தான். பிடிபடவில்லையென்றால் ஸ்டெல்லேரியம் செயலி காட்டிக்கொடுக்கும்.

2. கேமரா செட்டிங்

மேனுவல் மோட், ரா ஃபைல் (கேமரா சுருக்காமல் சேமிக்கும் மூலக் கோப்பு), லென்ஸ் திறப்பு எஃப் 2.8, ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓ 1600, ஒயிட் பேலன்ஸ் பகல் வெளிச்சம். லென்ஸில் ஆட்டம் குறைக்கும் ஸ்டெபிலைசேஷன் இருந்தால் அணைத்துவிடுங்கள்.

ஷட்டர் திறந்திருக்கும் நேரம்தான் யோசிக்க வேண்டியது. பூமி சுழல்வதால் நட்சத்திரங்கள் நகர்ந்துகொண்டே இருக்கும்; நேரம் கூடினால் புள்ளி கோடாகிவிடும். 500-ஐ லென்ஸின் மிமீ அளவால் வகுக்கச் சொல்லும் பழைய கணக்கு ஒன்று உண்டு. 50 மிமீக்கு 10 விநாடி வரும். இன்றைய சென்சார்களுக்கு அது அதிகம். ஓரியன் வேறு வான நடுக்கோட்டின் (பூமத்திய ரேகைக்கு நேர் மேலே வானத்தில் செல்லும் கோடு) பக்கத்திலேயே இருப்பதால் அங்கே நகர்வும் மிக வேகம். 3 அல்லது 4 விநாடியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

3. ஃபோகஸ்

இங்கே அவசரப்படாதீர்கள். ஆரம்பத்தில் நான் ஒரு முழு இரவு எடுத்த படங்களைக் காலையில் திறந்து பார்த்தால், ஒவ்வொரு நட்சத்திரமும் சின்ன வட்டமாக இருந்தது. லென்ஸில் முடிவிலிக் குறி போட்டிருக்கும் இடத்தை அப்படியே நம்பி வைத்திருந்தேன். பல லென்ஸ்களில் வளையம் அந்தக் குறியைத் தாண்டியும் திரும்பும்.

சரியான வழி இது. ஆட்டோஃபோகஸை அணைத்துவிட்டு, சிரியஸ் மாதிரி பிரகாசமான ஒரு நட்சத்திரத்தைத் திரைக்கு நடுவே கொண்டுவந்து 10 மடங்கு பெரிதாக்குங்கள். வளையத்தை மெதுவாகத் திருப்பும்போது வீங்கிய வட்டம் சுருங்கிக்கொண்டே வரும். ஒரு கட்டத்துக்கு மேல் மறுபடி வீங்கும். அந்த இரண்டுக்கும் நடுவே முன்னும் பின்னும் மயிரிழை மயிரிழையாகத் திருப்பிப் பாருங்கள். புள்ளி மிகச் சிறிதாகும் நேரத்தில், அதுவரை தெரியாத மங்கலான நட்சத்திரங்கள் பக்கத்தில் எட்டிப் பார்க்கும். அங்கேயே நிறுத்தி, வளையத்தின் மேல் டேப் ஒட்டிவிடுங்கள்.

4. எடுப்பது

கை பட்டால் ஆடும். அதனால் கை படாமல் தானாகவே படம் எடுக்கவைக்கும் இன்டர்வலோமீட்டர், இல்லையென்றால் 2 விநாடி டைமர். ஒன்றை எடுத்து, இருட்டிலிருந்து வெளிச்சம்வரை படத்தில் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தைப் பாருங்கள். மேடு இடது ஓரத்தை ஒட்டாமல் கொஞ்சம் விலகி இருந்தால் சரி.

அப்புறம் 200 படங்கள். ஏன் இவ்வளவு? நட்சத்திரங்களைப் பொருத்தி அடுக்கினால் நெபுலாவின் ஒளி எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் இருக்கும், நாய்ஸ் (படத்தில் தெரியும் புள்ளிப் புள்ளியான இரைச்சல்) படத்துக்குப் படம் மாறும். பல படங்களைச் சராசரி எடுக்கும்போது நாய்ஸ் அடங்கி, நெபுலா தங்கிவிடும். 100 படம் சேர்த்தால் நாய்ஸ் பத்தில் ஒரு பங்காகும். 200 சேர்த்தால் பதினான்கில் ஒரு பங்கு. 4 விநாடிப் படங்கள் 200 என்றால் மொத்தமே 13 நிமிட வெளிச்சம்தான். நடுநடுவே லென்ஸில் பனி படிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

முடிந்ததும் கேமராவை அணைக்காமல், லென்ஸ் மூடியைப் போட்டு அதே ஐஎஸ்ஓ, அதே விநாடியில் 20 படங்கள் எடுங்கள். இவை டார்க் ஃப்ரேம்கள். சென்சாரின் சொந்தக் குறைகள் இதில் பதிவாகும், பிறகு கழித்துவிடலாம். வீட்டுக்குள் வந்து எடுத்தால் சென்சாரின் சூடு மாறிவிடும், அதனால் அங்கேயே எடுத்துவிடுங்கள்.

5. அடுக்குவது

படங்களை அடுக்கும் கணினி மென்பொருள்களான டீப்ஸ்கைஸ்டாக்கர், சிரில் இரண்டுமே இலவசம். படங்களையும் டார்க் ஃப்ரேம்களையும் கொடுத்தால், நட்சத்திரங்களை ஒன்றன்மேல் ஒன்று பொருத்தி ஒரே படமாக்கித் தரும். வந்தது கறுப்பாக இருக்கிறதே என்று மனம் தளர வேண்டாம். படத் திருத்த மென்பொருளில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் கர்வ்ஸில் இருண்ட பகுதியைக் கொஞ்சம் தூக்குங்கள். மறுபடி கொஞ்சம். ஒரே இழுப்பில் தூக்கினால் நாய்ஸும் கூடவே எழும்.

மூன்றாவது, நான்காவது தடவையில் இளஞ்சிவப்புச் சிறகு ஒன்று மெல்ல விரியும். அது ஹைட்ரஜனின் ஒளி. சாதாரண கேமராக்களில் சென்சாருக்கு முன்னால் இருக்கும் ஃபில்டர் அந்தச் சிவப்பில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். அதையும் மீறி வந்த வெளிச்சம் இது. நெபுலாவின் மையம் வெளுத்துப்போயிருந்தால், அடுத்த இரவு 1 விநாடியில் 50 படங்கள் தனியாக எடுத்து அடுக்கி, மையத்தில் மட்டும் அதைப் பொருத்துங்கள்.