சுங்கை சிப்புட்டில் இருந்துகொண்டு பழைய கேடிலாக் வாங்குவது எப்படி

பழைய கேடிலாக் செவில் என்ற அமெரிக்கச் சொகுசுக் கார் ஒன்று கிடக்கிறது, நம்மூர்ச் சின்னக் காரான மைவி விலைக்குத் தருகிறேன் என்று யாராவது உங்களிடம் சொன்னால் உடனே காசை எடுக்காதீர்கள். அதற்காக ஓடிவிடவும் வேண்டாம். மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருந்துகொண்டு இந்த வண்டியை வைத்து ஓட்ட முடியும், ஆனால் எந்த வண்டியை எப்படிச் சோதித்து எடுத்தீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

முதலில் ஸ்டீயரிங் எந்தப் பக்கம் என்று பாருங்கள். கேடிலாக் தன் சரித்திரத்தில் பெரும்பகுதி இடது பக்க ஸ்டீயரிங் வண்டியைத்தான் செய்தது. 1998-ல் வந்த புதிய செவில்தான் ஜப்பான், பிரிட்டன் போன்ற நாடுகளுக்காக வலது பக்க ஸ்டீயரிங்கோடும் வரைபடத்திலேயே திட்டமிடப்பட்டது, ஆகவே நம்மூருக்குத் தோதானது 1998-லிருந்து 2004 வரை வந்த அந்த வண்டிதான். இறக்கை வைத்த ஐம்பதுகளின் வண்டியைக் காட்டி ஒருவர் ஆசை காட்டினால் ஜேபிஜேயில் (சாலைப் போக்குவரத்து இலாகாவில்) பதிவு என்ன, கிராந்தில், அதாவது வண்டியின் பதிவுப் பத்திரத்தில், என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் முன்பணம்கூட கொடுக்காதீர்கள்.

அடுத்தது ரோட்டெக்ஸ், அதாவது சாலை வரி. செவில் எஞ்சின் 4,565 சிசி. தீபகற்பத்தில் தனிநபர் பெயரில் இருக்கும் சலூன் காருக்கு 3,000 சிசிக்கு மேல் போனால் 2,130 வெள்ளி (ரிங்கிட்), அதற்கு மேல் ஒவ்வொரு சிசிக்கும் 4.50 வெள்ளி. கூட்டிப் பாருங்கள், வருடத்துக்கு 9,172 வெள்ளி 50 காசு வரும். 1.5 மைவிக்கு 90 வெள்ளி கட்டுகிறவர்கள் இந்த எண்ணை வீட்டில் சத்தமாகச் சொல்லிப் பார்த்துவிட்டு, வீட்டுக்காரம்மா முகத்தையும் பார்த்துவிட்டு, அப்புறம் மேலே படிக்கலாம். ரோட்டெக்ஸ் செத்து மூன்று வருடம் ஆன வண்டிதான் இப்படி மலிவாக வரும். அதை விற்கிறவர் சொல்ல மாட்டார்.

சரி, இன்னும் படிக்கிறீர்கள் என்றால் கொஞ்சம் சரித்திரம். கதை கேட்பதற்காக இல்லை. இந்த வண்டியில் எது நம்பத் தகுந்தது, எது காலை வாரும் என்பது அந்தச் சரித்திரத்திலேயே இருக்கிறது.

ஹென்றி ஃபோர்டு ஆரம்பித்து, முதலாளிகளோடு ஒத்துப்போகாமல் விட்டுப்போன கம்பெனியின் மிச்சத்தை வைத்து 1902-ல் டெட்ராய்ட்டில் கேடிலாக்கை உண்டாக்கியவர் ஹென்றி லேலண்ட். 1701-ல் அந்த ஊரை நிறுவிய பிரெஞ்சுக்காரரின் பெயரைத்தான் வண்டிக்கு வைத்தார்கள். லேலண்ட் துல்லியத்துக்குப் பேர்போன மனிதர். 1908-ல் இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸ் பந்தயத் தடத்தில் மூன்று கேடிலாக்குகளை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றி, சாமான்களை ஒரே குவியலாகக் கலந்து, சிலவற்றை எடுத்துவிட்டு ஸ்டாக்கிலிருந்து புதுசு போட்டு, ஸ்பேனரும் ஸ்க்ரூ டிரைவரும் மட்டும் வைத்து மறுபடி மூன்று வண்டியாகப் பூட்டினார்கள். அரம் வைத்துத் தேய்த்துப் பொருத்துகிற வேலைக்கே இடமில்லை. பூட்டிய வண்டிகள் 500 மைல் ஓடின. அந்தக் காலத்தில் ஒரு வண்டியின் சாமான் இன்னொரு வண்டிக்கு அப்படியே பொருந்துவது பெரிய விஷயம், அதற்காக டியூவர் கோப்பையைக் கொடுத்தார்கள். மறு வருடம் ஜெனரல் மோட்டார்ஸ் கேடிலாக்கை வாங்கிவிட்டது. லேலண்ட் பிறகு வெளியேறி லிங்கன் கம்பெனியைத் தொடங்கினார், 1922-ல் அதை வாங்கியது யார் தெரியுமா, அதே ஹென்றி ஃபோர்டு!

1912-ல் சார்லஸ் கெட்டரிங் செய்த எலக்ட்ரிக் ஸ்டார்ட்டரை வண்டியில் பொருத்தி, முன்னால் நின்று கைப்பிடியைச் சுற்றும் வேலையை ஒழித்தார்கள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கீழே வேறொரு இடத்தில் வரும். 1915 மாடலுக்கு வி8, 1930-ல் பதினாறு சிலிண்டர் என்று போய்க்கொண்டே இருந்தார்கள்.

வைத்திருந்தவர்களுக்கு இந்த வண்டி என்னவாக இருந்தது என்பதற்கு முப்பதுகளின் ஒரு விஷயம் போதும். கறுப்பின மக்களுக்கு விற்பதில்லை என்பது அப்போது கம்பெனியின் கொள்கை. பணம் இருந்தவர்கள் ஒரு வெள்ளைக்காரரைப் பினாமியாக நிறுத்தி, அவருக்குத் தனியாகக் காசு கொடுத்து வாங்கி ஓட்டினார்கள். சர்வீஸுக்கு வருகிற வண்டிகளின் சொந்தக்காரர்கள் யார் என்று கவனித்த நிக்கோலஸ் டிரேஷ்டாட் என்ற அதிகாரி, நேரடியாகவே விற்கலாமே என்று மேலிடத்தில் வாதாடி அந்தக் கொள்கையை மாற்ற வைத்தார். வியாபாரம் படுத்துக் கிடந்த காலத்தில் அது கம்பெனிக்கே கை கொடுத்தது. துரை மட்டும் கார் வைத்திருந்த தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

1948-ல் பி-38 போர் விமானத்தைப் பார்த்து வால் இறக்கை வைத்தார்கள், 1959-ல் அது உச்சத்துக்குப் போனது. அதெல்லாம் காலண்டர் படங்களில் பார்த்ததுதான். நமக்கு முக்கியம் எண்பதுகள். 1981-ல் தேவைக்கேற்ப எட்டு, ஆறு, நான்கு சிலிண்டரில் ஓடும் எஞ்சின் என்று விட்டார்கள். அந்தக் காலத்து கம்ப்யூட்டரால் ஈடுகொடுக்க முடியவில்லை, சொந்தக்காரர்கள் ஒயரைத் துண்டித்து எட்டிலேயே ஓட்டினார்கள். 1982-ல் 4.1 லிட்டர் அலுமினிய எஞ்சின், அதில் கேஸ்கெட் வழியாகத் தண்ணீர் எண்ணெயில் கலக்கும். அதே வருடம் சாதாரண செவர்லே காருக்குத் தோல் சீட் போட்டு சிமரான் என்று பெயர் வைத்து விற்றார்கள். என் பார்வையில் கேடிலாக்கின் கோளாறு இதுதான்: சோதித்து முடித்துவிட்டு விற்ற கம்பெனி, விற்றுவிட்டு வாங்கியவரை வைத்துச் சோதிக்கும் கம்பெனியாக மாறிவிட்டது. பழைய கேடிலாக் எதை வாங்கினாலும், அந்தச் சோதனைச் செலவை யாரோ ஒருவர் ஏற்கெனவே கட்டிவிட்டாரா, இல்லை உங்களுக்காகக் காத்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை.

செவிலில் இருக்கும் நார்த்ஸ்டார் எஞ்சின் 1993 மாடலில் வந்தது. 32 வால்வு, எஸ்டிஎஸ் வகையில் 300 குதிரைத்திறன், எஸ்எல்எஸ் வகையில் 275. டைமிங் பெல்ட் கிடையாது, செயின். தண்ணீர் முழுக்கப் போய்விட்டாலும் பாதி சிலிண்டர்களுக்குப் பெட்ரோலை நிறுத்திக் காற்றால் ஆறவிட்டு, மாறி மாறி வேலை செய்து வீடு சேர்க்கும். இவ்வளவு யோசித்தவர்கள், எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டைக் கீழ்ப்பகுதியான பிளாக்கோடு பிடித்திருக்கும் ஹெட் போல்ட்டில் கோட்டை விட்டார்கள். அலுமினிய பிளாக்கில் போல்ட்டின் மரை நாளடைவில் தளர்ந்து பிடுங்கிக்கொள்ளும், இரண்டுக்கும் நடுவே அடைத்திருக்கும் ஹெட் கேஸ்கெட் போய்விடும். கேஸ்கெட்டை மட்டும் மாற்றினால் மறுபடி போகும். மரைக்கு எஃகுக் கூடு போட வேண்டும், அல்லது ஸ்டட் அடிக்க வேண்டும். அதற்கு எஞ்சினைக் கீழ்ப்பக்கமாக இறக்க வேண்டும். மரத்தடியில் ஜாக் வைத்துச் செய்கிற வேலை இல்லை இது.

ஆகவே உங்கள் சோதனை முழுக்கச் சூட்டைப் பற்றித்தான். காலையில் வருகிறேன், ஸ்டார்ட் செய்யாமல் வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், ‘இப்பதாண்ணே கழுவறதுக்கு எடுத்தேன்’ என்று என்ன கதை சொன்னாலும் இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்பிவிடுங்கள்.

ஆறிய எஞ்சினில் தண்ணீர்த் தொட்டி மூடியைத் திறங்கள். அசல் கூலண்ட் ஆரஞ்சு நிறம். துரு நிறத்தில் சேறு மாதிரி இருந்தால் குழாய்த் தண்ணீர் ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள், அந்த அலுமினியம் உள்ளே என்ன கதியில் இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். உள்ளே பழுப்பாகப் பொடி ஒட்டியிருந்தால் மட்டும் பயப்பட வேண்டாம், கம்பெனியே கசிவு அடைக்க மாத்திரை போடச் சொல்லியிருந்தது, அதில் இருப்பது இஞ்சி வேர்த் தூளும் பாதாம் ஓட்டுத் தூளும். அடுத்து, எஞ்சினிலிருந்து தொட்டிக்கு வரும் மெல்லிய ஹோஸ். எஞ்சின் ஓடும்போது அதன் வழியாகத் தண்ணீர் தொட்டிக்குள் சன்னமாக விழ வேண்டும். அது அடைத்துக்கொண்டால் காற்று வெளியேறாமல் சூடேறும். இதற்கு ஒரு கம்பி போதும், செலவே இல்லை. ஹெட் கேஸ்கெட் என்று பயந்து நல்ல வண்டியை விட்டுவிட்டுப் போனவர்களும் இருக்கிறார்கள்.

பிறகு நீல மருந்துச் சோதனை. தொட்டி வாயில் ஒரு கண்ணாடிக் குழாயை வைத்து உள்ளிருந்து வரும் காற்றை மருந்து வழியாக இழுப்பார்கள். நீலம் மஞ்சளானால் எஞ்சின் புகை தண்ணீரில் கலக்கிறது என்று அர்த்தம், பேச்சை முடித்துக்கொள்ளலாம். உங்கள் ஃபோர்மனிடம் (மெக்கானிக்கிடம்) இல்லையென்றால் ஈப்போவில் யாரிடமாவது இருக்கும், இரவல் வாங்கி வாருங்கள்.

நீலமாகவே இருந்தாலும் நம்பிவிடாதீர்கள். இந்த நோய் ஆரம்பத்தில் ஊருக்குள் தெரியாது, பசார் வரை போய்வரும் வண்டியில் சூடு காட்டும் ஊசி நடுவிலேயே நிற்கும். மேட்டில், வேகத்தில், பாரத்தில்தான் காட்டிக்கொடுக்கும். நமக்கு அந்த வசதியைக் கடவுளே கொடுத்திருக்கிறார். பழைய ரோட்டில் ஈப்போ போய், ஜெலாப்பாங்கில் பிளஸ் ஹைவே ஏறி, நாலு பேரை உட்கார வைத்து, ஏர்கானை முழுசாகப் போட்டு, மெனோரா சுரங்கம் வரைக்கும் அந்த மேட்டில் நிதானமில்லாமல் ஏற்றுங்கள். கோலகங்சாரில் இறங்கிப் பழைய ரோட்டிலேயே திரும்பிவிடலாம். லாரிகளே மூச்சு வாங்கும் மேடு அது, அதில் ஊசி அசையவில்லை என்றால் பாதி நிம்மதி. ரேடியேட்டரின் மேல் ஹோஸை மறுநாள் காலையில் ஒருமுறை அமுக்கிப் பாருங்கள். ராத்திரி முழுக்க ஆறிய பிறகும் கல் மாதிரி விறைத்திருந்தால் வேண்டாம். விற்கிறவர் இந்த மேட்டுக்கே சம்மதிக்கவில்லை என்றால் அதுவும் ஒரு பதில்தான்.

கம்ப்யூட்டர் கோடு, அதாவது கோளாறுகளின் குறியீட்டு எண், பார்க்க ஸ்கேனர்கூட வேண்டாம். சாவியைத் திருப்பிவிட்டு ஏர்கான் பலகையில் ஆஃப் பட்டனையும் சூட்டை ஏற்றும் பட்டனையும் சேர்த்து அழுத்திப் பிடித்தால் வண்டி தானே ஒவ்வொன்றாகச் சொல்லும். கோடுக்குப் பின்னால் சி என்று வந்தால் இப்போது இருக்கிற கோளாறு, எச் என்று வந்தால் பழசு. ஒரு கோடுமே இல்லை என்றால் அன்று காலைதான் அழித்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணெய் விஷயத்தில் கொஞ்சம் பெருந்தன்மை வேண்டும். ஏழு லிட்டர் பிடிக்கும், இரண்டு மூவாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் குடித்தால் பதற வேண்டாம், ஊருக்குள்ளேயே உருட்டிக்கொண்டிருந்தால் கரி பிடித்து இன்னும் குடிக்கும். அவ்வப்போது ஹைவேயில் மிதித்து ஓட்டினால் குறையும். எஞ்சினின் அடிப்பாதி இணையும் இடத்தில் கசிந்தால் மட்டும் விலையைக் குறையுங்கள், அதை அடைக்கவும் எஞ்சினை இறக்க வேண்டும்.

இப்போது அந்த ஸ்டார்ட்டர். உலகத்துக்கே செல்ஃப் ஸ்டார்ட்டரைக் கொடுத்தவர்கள், நார்த்ஸ்டாரில் அதை எஞ்சினின் வி பள்ளத்துக்குள், காற்று உள்ளே போகும் இன்டேக்குக்கு அடியில் ஒளித்து வைத்தார்கள்! இடம் கதகதப்பு, மேலே மூடி, பக்கத்தில் மெல்லுவதற்கு ஒயர். செம்பனைப் பக்கம் எலிக்குப் பஞ்சமா? ஆந்தை வளர்த்தே எலி பிடிக்கிற ஊர் இது. ஒரு கான்ட்ராக்டர் வண்டியில் எங்கள் ஃபோர்மன் இன்டேக்கைக் கழற்றியபோது உள்ளே செம்பனைப் பழக் கொட்டைகள், கிழிந்த பஞ்சு, பாதி ஒயர் என்று குடும்பமே நடத்தியிருந்தது. ‘தம்பி, இது எஞ்சின் இல்ல, லயத்து வீடு’ என்றார். ஆகவே ஸ்டார்ட் ஆகத் தயங்கினால் பேட்டரி என்று சொல்வதை நம்பாதீர்கள். பேட்டரியே பின் சீட்டுக்கு அடியில் இருக்கிறது, அதைத் தேடி பானெட்டுக்குள் தலையை விடுகிற ஃபோர்மனிடம் மற்ற வேலையைக் கொடுக்க யோசியுங்கள்.

இவ்வளவு தொல்லைக்கு என்ன கிடைக்கிறது என்றால், ஏர்கான் கிடைக்கிறது. மத்தியானம் இரண்டு மணிக்குக் கோவில் திடலில் வெயிலில் நின்ற வண்டியை ஐந்தே நிமிடத்தில் குளிர வைக்கும். சீட் அப்படியே வாங்கிக்கொள்ளும், முதுகு வலிக்காரர்கள் இறங்க மறுப்பார்கள். வெளிச்சத்தம் இல்லை, ஆனால் மிதித்தால் வி8 அடித்தொண்டையில் ஒரு குரல் கொடுக்கும், அதற்காகவே வைத்திருக்கிறவர்கள் உண்டு. பிடிக்காதவை? பின்னால் உட்காருகிறவர்களுக்கு இந்த நீளத்துக்கு ஏற்ற இடம் இல்லை, முன்வீல் இழுக்கும் வண்டி என்பதால் ஈரத்தில் மிதித்தால் ஸ்டீயரிங் கையில் துள்ளும், உள்ளே பிளாஸ்டிக் பட்டன்கள் விலைக்கு ஏற்ற மாதிரி இல்லை. எலக்ட்ரானிக் அப்சார்பர் போனால் விலை கேட்டு மயக்கம் வரும். தோட்டத்துச் செம்மண் ரோட்டில் முன் பம்பர் அடியில் உரசும், மழைக்காலத்தில் அந்தப் பக்கமே போகாதீர்கள், மைவியை எடுத்துப் போங்கள்.

வாங்கிய பிறகு கூலண்டை முழுசாக மாற்றுங்கள், பச்சை நிறக் கூலண்டோடு கலக்காதீர்கள். 2000-க்கு முந்திய மாடல்களுக்கு அமெரிக்காவில் 91 ஆக்டேன் கேட்பார்கள், அவர்கள் கணக்கு வேறு, நம் ரோன்95 ஏறக்குறைய அதற்குச் சமம்தான், எஞ்சின் தட்டினால் 97 போடுங்கள். சாமானைப் பொத்தோங் கடையில் (பழைய வண்டிகளை வெட்டி விற்கும் கடையில்) தேடிக் காலத்தை வீணாக்காமல் அமெரிக்காவிலிருந்தே வரவழையுங்கள், வாரக்கணக்கில் ஆகும், அதனால் தண்ணீர் பம்ப்பை ஓட்டும் சின்ன பெல்ட்டை ஒன்று வாங்கி முன்கூட்டியே வண்டியின் பின்பெட்டியில் போட்டு வையுங்கள். அது அறுந்தால் பம்ப் நிற்கும், மெனோரா மேட்டிலேயே வண்டியும் நிற்கும்.